மணல் முற்றமும் புற்றரையும்: நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கல்முனைக்கு அணித்தாயுள்ள நற்பிட்டிமுனையிலும் அதனைச் சூழ்ந்த கரையோர ஊர்களிலும் வீட்டு முற்றத்திற் புல் முளைத்திருப்பது, அவ்வீட்டாரின் அசிரத்தைக்குச் சான்றாகவே நெடுங்காலம் கொள்ளப்பட்டு வந்தது. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் இப்பகுதியில் வழக்காறுகள் பல வேறுபடினும், முற்றம் பற்றிய கருத்தில் இரு சாராரும் ஒன்றுபட்டே நின்றனர். முற்றம் என்பது மணல். விடிந்ததும் ஈர்க்கு விளக்குமாற்றாற் கூட்டப்பட வேண்டிய வெண்மணல். அண்மைக் காலத்திலோ மதில் சூழ்ந்த சில வீடுகளின் முன்றிலில் புற்றரை இடம்பெறத் தொடங்கியுள்ளது. இதனை வெறும் நாகரிக மோகம் எனத் தள்ளிவிடுவது எளிது. ஆயின் புற்றரை எங்குப் பிறந்தது, எவரால் இங்குக் கொணரப்பட்டது, எந்த நீரை உண்டு வாழ்கின்றது என்னும் வினாக்கள் அவ்வாறு தள்ளத்தக்கன அல்ல.

புற்றரை ஈரநாடுகளின் குழந்தை. ஆண்டு முழுதும் சிறுமழை பெறும் இங்கிலாந்திலும் வட பிரான்சிலும் புல் தானாகவே பசுமை பேணும். 17ஆம் நூற்றாண்டில் வெர்சேய் அரண்மனையிலும், 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பிரபுக்களின் மாளிகைகளைச் சூழவும் அமைந்த பசும்பரப்புகள், விளைநிலத்தை விளைவின்றி வைத்திருக்கத்தக்க செல்வத்தின் விளம்பரங்களாகும். அவற்றை அரிவாள் கொண்டு சமமாக வெட்டப் பெருந்தொகையான ஆட்கள் வேண்டியிருந்தது. 1830இல் எட்வின் பட்டிங் என்பார், துணி ஆலையில் துணியின் மேற்பரப்பைச் சீராக்கும் பொறியைக் கண்டு, அதன் வழியிற் புல்வெட்டும் பொறியை ஆக்கினார். பிரபுவின் பசும்பரப்பு மத்தியதர வர்க்கத்தின் வாயிலுக்கு வந்து சேர்ந்தமைக்கு இப்பொறியே வழிசெய்தது எனலாம்.

ஆங்கிலேயர் தாம் ஆண்ட வெப்பநாடுகளுக்கும் இவ்வாசையை எடுத்துச் சென்றனர். கொழும்பின் காலிமுகத்திடலைத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் அமைக்கத் தொடங்கி 1859இல் நிறைவுசெய்தார். நகரத்துப் பெண்டிரும் சிறுவரும் உலாவுதற்கென அதனைப் பின்வரும் ஆட்சியாளரிடம் ஒப்படைத்தமையை அங்குள்ள நினைவுக்கல் கூறும். 1821இல் நிறுவப்பட்ட பேராதனைப் பூங்காவில் மலைநாட்டு மழை புல்லைக் காத்தது. காலிமுகத்திலோ உப்புக்காற்றும் வெயிலும் மக்களின் காலடியும் சேர்ந்து புல்லை மீண்டும் மீண்டும் அழித்தன. ஈரவலயத்துக் கொழும்பிலேயே நிலைமை இதுவாயின், உலர்வலயக் கரையில் எவ்வாறிருக்கும் என்பது ஊகிக்கத்தக்கதே.

ஈண்டு ஒரு முரண் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தின் மென்புற்கள் வெப்பநாட்டிற் கருகின. அப்போது ஆட்சியாளருக்குக் கைகொடுத்தது எமது அறுகே. வட இந்தியாவில் 'தூப்' எனப்படும் இப்புல்லே அங்குள்ள ஆங்கிலேயர் மாளிகைகளின் தரையை மூடியது. அமெரிக்கர் இதனைப் பெர்முடாப் புல் என்பர். ஆயினும் இது பழைய உலகிற்கே உரியது. நான்கு காபன் வழியில் ஒளித்தொகுப்பு நடாத்துவதால் கடும் வெயிலிலும் சிக்கனமாக நீரைப் பயன்படுத்தும். நிலத்தின் மேலே ஓடும் தண்டும், கீழே ஓடும் கிழங்குத்தண்டும் உடையது. நிழலை மட்டும் அது பொறுப்பதில்லை. வயலில் எமது விவசாயி இதனைப் பிடுங்கிக் களைத்தான். பிள்ளையாருக்கும் திருமணத்தில் அறுகரிசிக்கும் அதனையே தேடிக் கொய்தான். முற்றத்திற் பரப்பி நீரூற்றி வளர்க்க வேண்டும் என்று மட்டும் அவன் எண்ணியதில்லை. அவ்வாறு எண்ணாமைக்குத் தக்க காரணம் உண்டு.

இக்கரையின் மழை பெரும்பாலும் ஒற்றோபர் முதல் சனவரி வரையான மாரியிலேயே பெய்துவிடுகின்றது. பின்னர் நீண்ட கோடை. மத்திய மலைகளைக் கடந்து வறண்டு வரும் கச்சான் காற்று நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அக்காலத்தில் ஊரைக் காப்பது மணலடி நீராகும். கையால் மணலைத் தோண்டி நீரெடுக்கும் பூவல் இந்நிலத்தின் இயல்பை அறிந்தோரின் ஆக்கம். மணலடியிலுள்ள நன்னீர், கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மீது மிதக்கும் ஒரு படையாகவே உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கைபன், ஹெர்ஸ்பேர்க் என்னும் இருவர் வெவ்வேறாகக் கண்ட விதிப்படி, நன்னீர் மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். மறுதலையாக, மேலே சிறிது குறைந்தாலும் கீழே உவர் பலமடங்கு உயரும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கோடையிற் புற்றரை பசுமையாயிருக்க வாரத்திற்கு ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் நீர் வேண்டும். நான்கு பேர்ச்சுப் பரப்பு ஏறக்குறைய 100 சதுர மீற்றர். அதற்கு வாரமொன்றுக்கு 2,500 லீற்றர் செல்லும். பத்து லீற்றர் வாளியால் 250 தடவை அள்ள வேண்டும்! துலாவும் கப்பியும் இருந்த காலத்தில் இதனை எவரும் நினைத்தும் பார்த்திரார். மின்சார நீரிறைக்கும் பொறி வந்தபின்பே, கை நோகாமையால், அள்ளும் அளவும் கண்ணுக்குப் புலப்படாமற் போயிற்று.

மணல் முற்றமோ நீர் கேட்பதில்லை. மாரி மழையைத் தடையின்றி உள்வாங்கிக் கிணற்றுக்கே கொடுக்கின்றது. பாம்பும் தேளும் அதில் மறைய இடமில்லை. நெல் காயவும், பாய் விரித்து நிலவிற் பேசியிருக்கவும், திருமணப் பந்தலிடவும் அதுவே களம். இக்கரையில் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வீடு மகளுக்கே சீதனமாகச் செல்வது வழக்கு. அக்கரைப்பற்றை ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்றே 2008இல் வெளியிட்ட நூலில் இத்தாய்வழி முறையை விரிவாக விளக்கியுள்ளார். மகளுக்கு மகள் வளவு பிரிபடப் பிரிபட முற்றம் சுருங்கியது. எஞ்சிய துண்டு நிலத்தைச் சிலர் கொங்கிறீட் கற்களால் மூடினர். சிலர் புல் பதித்தனர். இவ்விரண்டில் புல்லே மேல் என்பது என் கருத்து. மழையை அது மண்ணுக்குள் விடுகின்றதன்றோ?

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கடலையடுத்த கிணறுகளை உவராக்கியபோதும், 2016-2017 வறட்சியின்போதும், மணலடி நீரின் அருமை இப்பகுதிக்கு நன்கு உணர்த்தப்பட்டது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் வயலுக்கன்றி முற்றத்திற்கு உரியதன்று. இது எமக்கு மட்டுமான சிக்கலுமன்று. அமெரிக்காவின் நெவாடா மாநிலம், அலங்காரத்திற்கன்றி வேறு பயனற்ற புற்றரைகளுக்குக் கொலராடோ ஆற்று நீரை 2027 முதல் தடைசெய்யும் சட்டத்தை 2021இல் இயற்றியது; தனிவீடுகளின் புற்றரைகளுக்கு மட்டும் அதில் விலக்களித்தது. அவ்விலக்கு நியாயமானதா என்பது விவாதத்திற்குரியது.

புற்றரை வேண்டுவோர்க்கு அறுகே தக்கது. தென்னை நிழல் விழாத இடத்தில், மாரியின் முதல் மழையோடு தண்டுகளை நட்டால் வேரூன்ற நான்கு மாதம் கிடைக்கும். ஒருமுறை வெட்டுகையில் உயரத்தில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் வெட்டலாகாது. கோடையில் இன்னும் உயரமாகவே விடவேண்டும். நாள்தோறும் தெளிப்பின் வேர் மேலேயே தங்கிவிடும். ஆகையால் விடியலில், இடைவெளி விட்டு, ஆழ நனைப்பதே முறை. கச்சான் கடுமையாக வீசும் மாதங்களில் அதனையும் நிறுத்திவிடலாம். அறுகு பழுப்பேறிக் காய்ந்ததுபோற் கிடக்கும். நிலத்தடித் தண்டு உயிரோடிருக்கும். ஒற்றோபரில் மீண்டும் தளிர்க்கும்.