துவரைச் செடியின் வரவு செலவு

கோதுமைக்கு 1960களில் பசுமைப் புரட்சி வந்தது. நெல்லுக்கும் வந்தது. பருப்புக்கு ஏன் வரவில்லை? கான்பூர் பக்கம் விவசாயக் கடன் ஃபைல்களோடு மல்லுக்கட்டும் எனக்கு ரொம்ப நாளாக இருந்த கேள்வி இது. படித்தது பி.காம். என்பதால் செடியையும் பேலன்ஸ் ஷீட்டாகத்தான் பார்க்க வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் கோதுமை. 1966ல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்து இறங்கியது. குட்டை ரகங்கள். நெட்டைத் தண்டு வளர்க்கச் செலவான சத்தைக் கதிருக்குத் திருப்பிவிட்டவை. கோதுமை மணியில் பெரும்பகுதி மாவுச்சத்து, அதாவது வெயிலும் காற்றும் தண்ணீரும் தரும் அன்றாட வருமானம். வீண் செலவைக் குறைத்தால் லாபம் கூடும். சுலபமான கணக்கு.

பயறு வகைகளில் இது பலிக்காது. கோதுமையில் புரதம் 12 சதவீதம் போல என்றால் துவரையில் 20க்கு மேல், சோயாவில் 40 வரைகூடப் போகும். புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். நம்மூரில் அதற்குத் தழைச்சத்து என்று பெயர்.

1975ல் சின்க்ளேர் என்ற அமெரிக்கரும் டி விட் என்ற டச்சுக்காரரும் 'சயன்ஸ்' இதழில் 24 பயிர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டார்கள். ஒரு கிராம் சர்க்கரையைக் கொண்டு நெல் முக்கால் கிராம் மணி செய்யும். சோயாவால் அரை கிராம்தான் முடியும். அதைவிடப் பெரிய சிக்கல் நைட்ரஜன். காய் முற்றும் வாரங்களில் விதை கேட்கும் வேகத்துக்கு வேரால் அனுப்ப முடியாது. அதனால் செடி தன் இலையிலுள்ள புரதத்தைக் கலைத்து விதைக்கு அனுப்புகிறது. இலை பழுக்கிறது, ஒளிச்சேர்க்கை குறைகிறது, வருமானமும் நிற்கிறது. வட்டி போதாமல் முதலைக் கரைக்கும் குடும்பம் மாதிரி. தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் செடி என்றார்கள்.

"வேர்முடிச்சு இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அது காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிப்பதை ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற ஜெர்மானியர்கள் 1880களிலேயே நிரூபித்துவிட்டார்கள். ஆனால் அது இலவசம் இல்லை. முடிச்சுக்கும் சர்க்கரை வேண்டும். காய் பிடிக்கும்போது இரண்டுக்கும் போட்டி, பெரும்பாலும் காய்தான் ஜெயிக்கிறது.

எல்லாப் பழியையும் காயின் மேல் போடவும் முடியாது. பிற்பாடு சோயாவில் காய்களைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார்கள். இலை பச்சையாகவே நின்றது, ஒளிச்சேர்க்கை மட்டும் குறைந்துவிட்டது!

இனி துவரை. இங்கே அர்ஹர் என்பார்கள். இது அடிப்படையில் பல வருடம் வாழும் செடி. அதனால் சோயாவைப் போல மொத்தமாகக் கரைத்துக் கொடுக்காது, கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொள்ளும். ஜூன், ஜூலையில் விதைத்தால் அறுவடை மார்ச், ஏப்ரல். முதல் பூ போனாலும் திரும்பப் பூக்கும். விளைச்சலில் பெரும்பங்கு குச்சிதான். விஞ்ஞானி அதை வீண் என்பார். கிராமத்துக்கு அது அடுப்பெரிக்க, கூரை வேய, கூடை முடைய. அதுவும் வரவுதான்.

1986ல் ஹைதராபாத் பக்கத்திலுள்ள இக்ரிசாட்டின் 'பிரகதி' என்ற நான்கு மாத ரகம் வெளியானது. குச்சி குறைவு, வயலும் சீக்கிரம் காலி. ஆனால் அதற்குள் பாசன நிலமும் அரசுக் கொள்முதலும் கோதுமை பக்கம் போயிருந்தன. கொண்டைக்கடலைகூட வடக்கை விட்டு மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, ஆந்திரா என்று மானாவாரி நிலம் தேடி நகர்ந்தது. 1951ல் தலைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 60 கிராம் பருப்பு கிடைத்தது. 2001ல் அது பாதி.

விளைச்சல் பிறகு கூடியது, 2016-17ல் 2 கோடியே 30 லட்சம் டன்னைத் தொட்டது. ஆனாலும் கோதுமை மாதிரி ஒரே தாவலில் ஏறவில்லை. செடியின் கணக்கு பாதிக் காரணம், நாம் நிலத்தையும் தண்ணீரையும் பங்கிட்ட விதம் மீதிப் பாதி. முதலாவதை மாற்ற நாளாகும். இரண்டாவது நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த முறை பருப்பு விலை ஏறும்போது செடியைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் பேசலாமே?