ராஜபாளையத்துல டைனோசர் எலும்பு கிடைக்குமா?

பதிலை முதல்லயே சொல்லிடறேன்: கிடைக்காது. அரியலூர் பக்கம் கிடைக்குது, ஜபல்பூர்ல கிடைக்குது, குஜராத்துல முட்டையே கிடைக்குது. நம்ம மேற்கு மலையடிவாரத்துல மட்டும் கிடைக்காது. ஆனால் டைனோசர் காலத்தைப் பற்றிச் சொல்ல நம்ம மலையிலயும் ஒரு சாட்சி இருக்கு. அது கல்லாகாமல், உயிரோடவே இருக்கு. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான். அதுக்கு முன்னாடி, எலும்பு ஏன் கிடைக்காது என்பதைப் பார்த்துவிடுவோம்.

ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆற்றிலோ, ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு ஓடையிலோ கிடக்கும் பாறைகளைக் கவனித்துப் பாருங்கள். கெட்டியானவை, உள்ளே படிகம் மின்னும், சிலவற்றில் வரிவரியாக ஓடும். நைஸ், சார்னோக்கைட் வகைப் பாறைகள். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை. அந்தக் காலத்தில் தரையில் நடமாடிய முதுகெலும்புள்ள விலங்கு ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தாலும் அந்தச் சூட்டில் எதுவும் மிஞ்சியிருக்காது. எலும்பு கல்லாக வேண்டுமென்றால் அதன்மேல் சேறோ மணலோ சீக்கிரம் மூட வேண்டும், அது பிறகு வேகாமல் அப்படியே இறுக வேண்டும்.

அப்படி நடந்த இடம் அரியலூர். கடல் வந்து வந்து போன பூமி அது. அங்கே கல்லமேடு என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் படிவு இருக்கிறது. டைனோசர் காலம் முடியப்போகும் நேரத்தில், அதாவது 6.6 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்னால், ஆறு கொண்டுவந்து கொட்டிய மண். பழைய திருச்சி மாவட்டத்தின் டைனோசர்களைப் பற்றி சார்லஸ் மேட்லி 1929-லேயே எழுதினார். 1980-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் இங்கே கிடைத்த ஒரு ராட்சத விலங்குக்கு மேட்லியின் நினைவாகப் பெயர் வைத்தார்கள்: புருஹத்காயோசாரஸ் மேட்லியி. ‘பெருத்த உடம்புப் பல்லி’ன்னு வெச்சுக்கலாம். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர்!

முதலில் அது மாமிசம் தின்னும் வகை என்றார்கள். பிறகு, நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவாச்சு. எவ்வளவு பெருசு, உண்மையிலேயே எலும்புதானா என்று இன்னும் கேள்வி கேட்கிறார்கள். எடுத்துப் பார்த்துத் தீர்த்துவிடலாமே என்றால் முடியாது. அந்த எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன. மழையில் ஊறி உப்பும், வெயிலில் வெடிக்கும் களிமண்ணில் கிடந்தவை அவை. கல்லானது என்றென்றைக்கும் நிற்கும்னு நினைக்கிறோம். கல்லுக்கும் ஆயுசு உண்டு. இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பது சில படங்களும் அளவுகளும்தான்.

பெரிய எலும்பு போனாலும், அதே மண் சின்னச் சின்ன விஷயங்களைக் காப்பாற்றி வைத்திருந்தது. களிமண்ணை மூட்டை மூட்டையாக அள்ளிக் காயவைப்பார்கள். தண்ணீரில், சில சமயம் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கரைப்பார்கள். நுண்ணிய சல்லடையில் அலசி, மிஞ்சிய பொடியை நுண்ணோக்கியில் வைத்துப் பல், எலும்புத் துணுக்குகளைப் பொறுக்குவார்கள். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரிதான், ஆனால் தலைகீழாக: இங்கே நமக்கு வேண்டியது கல்தான்.

இப்படித்தான் ஜி.வி.ஆர். பிரசாத், அஞ்சலி கோஸ்வாமி, ஓம்கார் வர்மா உள்ளிட்டோர் கல்லமேட்டுப் பற்களைப் பற்றி 2013-ல் எழுதினார்கள். ஒரு பல், மடகாஸ்கரில் வாழ்ந்த சிமோசூகஸ் என்ற குட்டை மூஞ்சி முதலையின் பல்லை ஒத்தது. இன்னொரு பல் ட்ரூடான்டிட் வகை டைனோசருடையது. அந்த வகையை அதுவரை வட கண்டங்களில்தான் பார்த்திருந்தார்கள். ஒரே ஊர் மண்ணில் தெற்கத்தி உறவும் வடக்கத்தி உறவும்! அப்போது இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து, ஆசியாவை நோக்கி வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. தீவாகத் தனித்துக் கிடந்த இந்த நிலத்துக்கு யார் யாரோடு தொடர்பு இருந்தது என்பது இன்னும் தீராத வழக்கு. இந்தப் பற்கள் அந்த வழக்கின் ஆவணங்கள்.

தவளை விஷயத்தில் இந்த வேலை இன்னும் கஷ்டம். தவளை எலும்பு மெல்லிசு, சீக்கிரம் சிதறிடும். பம்பாய் வொர்லியில், எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய களிப்பாறையில் குட்டித் தவளைகள் முழுசாகக் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். ரிச்சர்ட் ஓவன் அவற்றை 1847-ல் விவரித்தார். 1930-ல் நோபிள் அவற்றுக்கு இண்டோபட்ராகஸ் என்று பெயர் மாற்றினார். மற்ற இடங்களில் பெரும்பாலும் இடுப்பெலும்புத் துண்டு மாதிரியான துணுக்குகளை வைத்துத்தான் இன்ன குடும்பத் தவளை என்று கண்டுபிடிக்கிறார்கள்.

இப்போ நம்ம மலைக்குத் திரும்புவோம். 2003-ல் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போஸூயும் ‘நேச்சர்’ இதழில் ஒரு தவளையை அறிவித்தார்கள். கேரளத்தின் இடுக்கியில் கிடைத்தது. ஊதா நிறம், ஊதிய உடம்பு, கூரான மூக்கு. நாசிகாபட்ராகஸ் சாஹ்யாத்ரென்சிஸ் என்று பெயர். ஆண்டு முழுக்க மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழ்ந்துவிட்டு, மழைக்காலத்தில் கொஞ்ச நாள் மட்டும் இனப்பெருக்கத்துக்காக வெளியே வரும். இதன் தலைப்பிரட்டையை நெல்சன் அன்னண்டேலும் சி.ஆர். நாராயண ராவும் 1917-18 வாக்கிலேயே விவரித்திருந்தார்கள். பாய்ந்து விழும் தண்ணீரில் அடித்துக்கொண்டு போகாமல் பாறையில் ஒட்டிக்கொள்ள உறிஞ்சி போன்ற வாய் அதுக்கு. குட்டியைப் பார்த்து 85 வருஷம் கழித்துத்தான் அம்மா அப்பாவுக்குப் பெயர் வைத்தோம்!

அதைவிட ஆச்சரியம், அதன் சொந்தக்காரர்கள். டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது, நெருங்கிய உறவு இந்தியாவில் எங்கேயும் இல்லை. அரபிக்கடல் தாண்டி, இந்தியப் பெருங்கடலின் செஷெல்ஸ் தீவுகளில் இருந்தது. செஷெல்ஸ் ஒரு காலத்தில் இந்தியாவோடு ஒட்டியிருந்த நிலம். 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பிரிந்துபோனது. இந்தத் தவளைகளின் வம்சங்கள் டைனோசர் காலத்திலேயே கிளை பிரிந்துவிட்டன.

2017-ல் ஜெகத் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன் முதலானோர் இரண்டாவது இனத்தை அறிவித்தார்கள். அது கிடைத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயப் பகுதியில். பெயர் நாசிகாபட்ராகஸ் பூபதி. கோவை சாலிம் அலி மையத்தின் ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதி, 2014-ல் அகத்தியமலையில் களப்பணியின்போது விபத்தில் இறந்தார். அவர் நினைவாக வைத்த பெயர். மலைக்கு அந்தப் பக்கத்துத் தவளை தென்மேற்குப் பருவமழையை நம்பி முட்டையிடும். நம்ம பக்கம் மழைமறைவுப் பகுதி. இங்கே உள்ளது வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. ஒரே மலை, இரண்டு மழை, இரண்டு இனம்.

இதை ‘வாழும் புதைபடிவம்’ என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் சங்கடம் உண்டு. பழையது இந்தத் தவளையின் வம்சம்தானே தவிர, இதன் உடம்பு கோடிக்கணக்கான வருஷம் மாறாமல் நின்றது என்று அர்த்தமில்லை. டி.என்.ஏ. யார் யாருக்கு உறவு என்று சொல்லும். அந்தத் தாத்தாத் தவளை எப்படி இருந்தது, எங்கே வாழ்ந்தது என்று சொல்லாது. இன்னொன்று, மரபணு மாற்றங்களை எண்ணிக் காலம் கணிக்க, வயது தெரிந்த புதைபடிவம் வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தக் கடிகாரத்தில் முள் ஓடும், மணி தெரியாது.

கல்லுக்கும் அதே குறை உண்டு. கல்லமேட்டுப் பல் ‘இப்படி ஒருத்தன் இங்கே இருந்தான்’ என்று சொல்லும். அவன் வம்சம் பிறகு என்ன ஆனது என்பதைச் சொல்ல அதால் முடியாது. ஒரு சாட்சி விட்ட இடத்திலிருந்து இன்னொரு சாட்சி பேசுகிறது. அதனால்தான் அரியலூர் களிமண்ணையும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஓடையையும் ஒரே வரலாற்றின் இரண்டு ஏடுகளாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

அரியலூர் ஏட்டில் ஒரு பக்கம் ஏற்கெனவே நொறுங்கிவிட்டது, படமாவது மிஞ்சியது. நம்ம ஏட்டுக்கு ஆபத்து வேறு விதம். தலைப்பிரட்டை பல வாரங்கள் ஓடைப் பாறையிலேயே ஒட்டி வளர வேண்டும். தண்ணீரைத் தடுத்தாலும், திருப்பினாலும், ஓடை சீக்கிரம் வற்றினாலும் அந்த வருஷத்துத் தலைமுறை போச்சு. இந்த மலைக் காடு 1988-லிருந்து சரணாலயம், 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். அணிலுக்கும் புலிக்கும் கிடைத்த பாதுகாப்பில்தான் இந்தத் தவளையும் ஒண்டியிருக்கிறது. அது இங்கே இல்லாமல் போனால், நம்ம பாறையைத் தோண்டித் திரும்பப் படிக்க முடியாது. அந்தப் பாறையில் எதுவும் எழுதப்படவில்லை.