ஆண்டிபட்டி: நட்சத்திரத் தொகுதியும் சாதாரண வாக்காளரும்

நம் கல்லூரி விடுதியில் தேனி, உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன்கள் இல்லாத வருஷமே கிடையாது. "தம்பிக்கு எந்த ஊரு?" என்று சீனியர் கேட்பார். "ஆண்டிபட்டிண்ணே" என்று பதில் வரும். உடனே அவர், "ஓ, எம்.ஜி.ஆர். தொகுதியா!" என்பார். பிந்தைய ஆண்டுகளில் அது "அம்மா தொகுதியா!" என்று மாறியது. ஊரின் பெயரைச் சொன்னதும் தலைவரின் பெயர் வந்துவிடும். அங்கே ஓட்டுப் போட்ட மக்களைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

சரித்திரம் படித்தவர்களுக்கு இது ஒரு குறையாகத் தோன்ற வேண்டும். ஒரு தொகுதியின் வரலாறு என்பது அங்கே வென்றவர்களின் பட்டியல் மட்டுமா? அந்தப் பட்டியலை உருவாக்கியவர்கள் யார்? "நடிகரைக் கண்டா குத்திட்டு வந்துருவாங்க" என்று படித்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிற அந்தக் கிராமத்து வாக்காளர்கள் உண்மையில் என்ன செய்திருக்கிறார்கள் என்பதை ஆண்டு வாரியாகப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மண்

மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாக மேற்கே போனால் கணவாயைத் தாண்டி வருவது ஆண்டிபட்டி. தெற்கே வருசநாட்டு மலை. வைகை பிறப்பது அந்த மலையில்தான். வடக்கே, 1959-ல் காமராசர் ஆட்சியில் திறக்கப்பட்ட வைகை அணை. அணைக்காக மூழ்கிய கிராமங்களின் கதையைத்தான் கவிஞர் வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாச'மாக எழுதினார்.

ஆறும் அணையும் பக்கத்தில் இருந்தும் தொகுதியின் பெரும்பகுதி மானாவாரி பூமி. அணைத் தண்ணீர் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் என்று கிழக்கே போய்விடும். மேட்டு நிலத்துக்காரருக்குக் கிணறும் மழையும்தான் கதி. முருங்கை, பூ, சோளம், ஆடு மாடு, சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் பக்கம் நெசவு. மேலே கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு வரை மலையடிவாரக் கிராமங்கள். பஸ் வசதி, குடிதண்ணீர், ஆஸ்பத்திரி எதுவானாலும் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டிய பூமி. ஒரு எம்.எல்.ஏ. இருப்பதும் இல்லாமலிருப்பதும் இங்கே பெரிய வித்தியாசம்.

சினிமாவும் அரசியலும்

சினிமா நடிகரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பும் வழக்கம் இந்த வட்டாரத்துக்குப் பழையது. 1962-ல் பக்கத்துத் தேனித் தொகுதியில் தி.மு.க. சார்பில் நின்று வென்றவர் எஸ்.எஸ்.ராஜேந்திரன். அதே எஸ்.எஸ்.ஆர். 1980-ல் அ.தி.மு.க. வேட்பாளராக ஆண்டிபட்டியில் வென்றார்.

இடையில் 1973-ல் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். கட்சி தொடங்கி ஏழு மாதமே ஆன நிலையில் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் வென்றார். அன்றைய பெரிய மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதி அ.தி.மு.க.வின் கோட்டை என்று பேசப்படத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். தேனி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1996-ல்.

வராத வேட்பாளர்

1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நோய்வாய்ப்பட்டார். நவம்பர் 5-ம் தேதி அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டு நியூயார்க்கில் புரூக்ளின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இதற்கிடையே அக்டோபர் 31-ம் தேதி இந்திரா காந்தி கொல்லப்பட்டார். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்துத் தேர்தல் வந்தது. பரங்கிமலை, அருப்புக்கோட்டை, மதுரை மேற்கு என்று அதுவரை மூன்று தொகுதிகளில் நின்றிருந்த எம்.ஜி.ஆருக்கு இந்த முறை ஆண்டிபட்டி தேர்ந்தெடுக்கப்பட்டது.

வேட்பாளர் ஒரு நாள்கூடத் தொகுதிப் பக்கம் வரவில்லை, வர முடியாது. அவர் உயிரோடு நலமாக இருக்கிறாரா என்பதே ஊருக்கு ஊர் விவாதம். மருத்துவமனையில் அவர் இருக்கும் காட்சிகள் வீடியோவில் எடுக்கப்பட்டு மாநிலம் முழுதும் திரையிடப்பட்டன. டிசம்பர் 24-ம் தேதி வாக்குப்பதிவு. எம்.ஜி.ஆர். வென்றார். 1985 பிப்ரவரி 4-ம் தேதிதான் தாயகம் திரும்பினார். அதே மாதம் 10-ம் தேதி மீண்டும் முதலமைச்சராகப் பதவியேற்றார். அவர் மறைந்த நாள் 1987 டிசம்பர் 24. ஆண்டிபட்டி அவருக்கு ஓட்டுப் போட்ட நாளிலிருந்து சரியாக மூன்று வருடம்.

நட்சத்திரத் தொகுதி என்ற பட்டம் இப்படித்தான் வந்தது. இதோடு கதையை நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். அடுத்த தேர்தலைப் பாருங்கள்.

1989: முதல் மறுப்பு

எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. இரண்டாக உடைந்தது. 1988 ஜனவரியில் இருபத்துச் சொச்சம் நாள் முதலமைச்சராக இருந்த வி.என்.ஜானகி ஒரு பக்கம், ஜெயலலிதா மறுபக்கம். இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல்.

1989 ஜனவரித் தேர்தலில் ஜானகி அம்மையார் நின்ற தொகுதி ஆண்டிபட்டி. கணவர் கடைசியாக வென்ற தொகுதி. அவர் இறந்து பதின்மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஆளைப் பார்த்து, அனுதாபத்தில் ஓட்டுப் போடுகிற மக்கள் என்றால் இதைவிடப் பொருத்தமான வேட்பாளர் யார்? ஆனால் வென்றவர் தி.மு.க.வின் ஆசையன். அதே தேர்தலில், கூப்பிடு தூரத்திலிருக்கும் போடிநாயக்கனூரில் ஜெயலலிதா வென்று முதன்முறையாகச் சட்டமன்றம் போனார்.

ஆக, தலைவர் மீதுள்ள பாசத்தை அப்படியே வாரிசுரிமையாக எழுதிக் கொடுக்க ஆண்டிபட்டி தயாராக இல்லை. கட்சி உடைந்ததால் ஓட்டும் உடைந்தது என்ற கணக்கும் உண்மைதான். ஆனால் உடைந்த இரண்டில் எது நிலைக்கும் என்பதற்கு அந்த வட்டாரம் அன்றே ஒரு பதில் சொல்லிவிட்டது. தோல்விக்குப் பின் ஜானகி அரசியலிலிருந்து விலகினார். 1989-லேயே இரு அணிகளும் ஒன்றாயின.

1991-ல் இரட்டை இலை இங்கே மறுபடி துளிர்த்தது. 1996-ல், மாநிலமே ஆட்சிக்கு எதிராகத் திரும்பியபோது, ஆண்டிபட்டியும் திரும்பி ஆசையனை இரண்டாம் முறை அனுப்பியது. கோட்டை என்று சொல்லப்பட்ட இடத்தில் பத்து வருடத்துக்குள் இரண்டு முறை தி.மு.க. வென்றிருக்கிறது.

இரண்டாவது முதலமைச்சர்

2001 தேர்தலில் ஜெயலலிதா ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை ஆகிய நான்கு தொகுதிகளில் மனுச் செய்தார். டான்சி வழக்குத் தண்டனையாலும், இரண்டுக்கு மேற்பட்ட தொகுதிகளில் மனுச் செய்ததாலும் நான்கும் தள்ளுபடியாயின. ஆண்டிபட்டியில் தங்க தமிழ்ச்செல்வன் வென்றார். கட்சி பெரும்பான்மை பெற, ஜெயலலிதா முதலமைச்சரானார். செப்டம்பர் 21-ம் தேதி அந்த நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பக்கத்துப் பெரியகுளத்தின் எம்.எல்.ஏ.வான ஓ.பன்னீர்செல்வம் முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தார். டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. தங்க தமிழ்ச்செல்வன் ராஜினாமா செய்தார். 2002 பிப்ரவரியில் ஆண்டிபட்டியில் இடைத்தேர்தல்.

மக்கள் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுப்பதாகத்தான் சட்டம். ஆனால் அன்று இந்தத் தொகுதிக்காரர்கள் மாநிலத்துக்கே முதலமைச்சர் யார் என்பதற்கு ஓட்டுப் போட்டார்கள். தி.மு.க.வின் வைகை சேகரை 41 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்கடித்து, மார்ச் 2-ம் தேதி ஜெயலலிதா மீண்டும் முதலமைச்சரானார். 2006-லும் இங்கேயே நின்று வென்றார். வித்தியாசம் 25 ஆயிரமாகக் குறைந்தது. ஆட்சியும் போயிற்று. முதலமைச்சரின் தொகுதி எதிர்க்கட்சித் தலைவரின் தொகுதியானது. 2011-ல் அவர் ஸ்ரீரங்கம் போய்விட்டார்; இங்கே மீண்டும் தங்க தமிழ்ச்செல்வன்.

"முதலமைச்சர் தொகுதின்னா ஊருக்கு என்னய்யா லாபம்?" என்று டீக்கடையில் கேட்டால் இரண்டு விதமாகப் பதில் வரும். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது அந்தக் காலத்தில்தான். மலையடிவாரத்திலிருந்து அவசரத்துக்கு மதுரை வரை ஓட வேண்டியிருந்த மக்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. மறுபக்கம், மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில் அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றது. ஆண்டிபட்டி வழியாகத் தேனிக்கு மறுபடி பயணிகள் ரயில் ஓடியது 2022 மே மாதம். பதினோரு வருடத்துக்கு மேல்! நட்சத்திரங்கள் வந்து போன தொகுதிக்கும் தண்டவாளம் தாமதமாகத்தான் வந்தது.

இருபது மாத வெற்றிடம்

இந்தத் தொகுதியின் வரலாற்றில் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுதான்.

ஜெயலலிதா மறைவுக்குப் பின், 2017 ஆகஸ்டில் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் சிலர் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்கு எதிராக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18-ம் தேதி அவர்களில் 18 பேரைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். ஆண்டிபட்டி உறுப்பினரும் அதில் ஒருவர். வழக்கு நடந்தது. 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புச் சொல்ல, மூன்றாவது நீதிபதியிடம் போய், அக்டோபர் 25-ம் தேதி தகுதி நீக்கம் செல்லும் என்று முடிந்தது. இடைத்தேர்தல் நடந்ததோ 2019 ஏப்ரல் 18-ல். முடிவு வந்தது மே 23-ல்.

காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவு சொல்கிறது. வழக்கு நிலுவையில் இருந்ததால் அது நடக்கவில்லை. தகுதி நீக்கம் சரியா தவறா என்பது கட்சிக்காரர்களின் வழக்கு. ஆனால் இருபது மாதம் சட்டமன்றத்தில் பேச ஆளில்லாமல் இருந்தவர்கள் வருசநாட்டிலும் கடமலைக்குண்டிலும் இருந்த மக்கள். அவர்கள் அந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ஆண்டிபட்டியில் ஒரு கட்டடத்தில் வருமான வரித்துறை சோதனை நடந்தது. 1.48 கோடி ரூபாய் பிடிபட்டது. வார்டு எண்ணும், தலைக்கு 300 ரூபாய் என்ற கணக்கும் எழுதிய கவர்கள். கூட்டத்தைக் கலைக்கப் போலீசார் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். வாக்காளரின் விலை என்னவென்று யாரோ தீர்மானித்து எழுதியே வைத்திருந்தார்கள்.

வாக்காளர் என்ன செய்தார்? தி.மு.க. வேட்பாளர் மகாராஜன், அ.தி.மு.க. வேட்பாளர் அவருடைய கூடப்பிறந்த தம்பி லோகிராஜன். இங்கே சாதிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு வேலையே இல்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சுமார் 12 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் அண்ணன் வென்றார்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. அதே நாளில், அதே வாக்குச்சாவடியில் நாடாளுமன்றத் தேர்தலும் நடந்தது. ஆண்டிபட்டி அடங்கிய தேனித் தொகுதியில் அ.தி.மு.க.வின் ரவீந்திரநாத் குமார் வென்றார். தமிழ்நாட்டில் அந்த அணி வென்ற ஒரே நாடாளுமன்றத் தொகுதி அதுதான். அதே தேனிக்குள் அடங்கிய ஆண்டிபட்டியிலும் பெரியகுளத்திலும் சட்டமன்றத்துக்கு வென்றது தி.மு.க. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மிஷின், இரண்டு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று தெரிந்தவர்களின் முடிவு இது. 2021-ல் அதே அண்ணன் தம்பி மறுபடி மோதினார்கள். அண்ணனே வென்றார், வித்தியாசம் எட்டாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது.

மாணவர்களுக்கு

கடலுக்கு அப்பால் படுத்திருந்தவரை வெல்ல வைத்ததும் ஆண்டிபட்டிதான். அவருடைய மனைவியைத் தோற்கடித்ததும் ஆண்டிபட்டிதான். ஒரு முதலமைச்சருக்குப் பதவியைத் திருப்பிக் கொடுத்ததும், ஒரே நாளில் இரண்டு விதமாக ஓட்டுப் போட்டதும் அதே ஊர்தான். இதில் பாசம் உண்டு, கோபம் உண்டு, கணக்கும் உண்டு. அறியாமை என்ற ஒற்றைச் சொல்லில் இதை அடக்க முடியாது.

நம் கல்லூரியில் இப்போது வரலாறும் அரசியலும் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். தேர்தல் ஆணையம் வெளியிடும் படிவம் 20-ல் ஒவ்வொரு வாக்குச்சாவடியின் கணக்கும் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தத் தொகுதியில் எந்தக் கிராமம் எப்போது மாறியது என்று குறியுங்கள். பிறகு அந்தக் கிராமத்துக்கே போய்ப் பெரியவர்களிடம், "அந்த வருஷம் ஏன் மாத்திப் போட்டீங்க?" என்று கேளுங்கள். தண்ணீர், ரேஷன், ரோடு, மானம் என்று பதில் வரும். வென்றவர்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும். இந்தப் பதில்களோ சொல்லக்கூடியவர்கள் இருக்கும்வரைதான் கிடைக்கும். அடுத்த மலருக்கு அப்படி நாலு தொகுதிக் கட்டுரைகள் உங்களிடமிருந்து வந்தால், மூத்த மாணவர்களாகிய நாங்கள் ஆசையோடு படிப்போம்.