இருக்கை தந்த பெருந்தகை

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறையும் மன்னவனூரும் கடந்து கவுஞ்சி செல்லும் புதிய ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். சமவெளியில் பிறந்தவர், கையில் பட்டம் உண்டு, நியமன ஆணை உண்டு. ஆயினும் குளிரில் நடுங்கி வந்தமரும் பிள்ளைகளின் முன் முதற் சொல்லை எவ்வாறு தொடங்குவது என்பதைப் பட்டமும் சொல்லாது, ஆணையும் சொல்லாது. அங்கே முன்பிருந்தே பணியாற்றும் மூத்தவர் ஒருவர்தாம் சொல்ல வேண்டும். அவ்வாறு சொன்ன ஒருவரால் தமிழ் அடைந்த பேறு எத்தகையது என்பதை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

கும்பகோணம் அரசினர் கல்லூரியின் தமிழ்ப் பண்டிதர் தியாகராச செட்டியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். நாகூர் குலாம் காதிறு நாவலர் பாடங்கேட்டதும் அம்மகாவித்துவானிடமே என்பதை நம் நேயர்கள் அறிவர். 1880இல் ஓய்வுபெற முனைந்தபோது, தம் இருக்கைக்குரியவர் யார் என்பதைச் செட்டியார் தாமே தேடித் தெரிந்தார். திருவாவடுதுறை மடத்தில் பாடஞ்சொல்லி வந்த உ. வே. சாமிநாதையர்தாம் அவர். மகாவித்துவானிடம் பின்னாளில் பயின்றவர். அப்போது அகவை இருபத்தைந்து. மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகருக்கோ அவரைப் பிரிய மனமில்லை. செட்டியார் அவரை இசைவித்தார்; கல்லூரித் தலைவர் கோபாலராவிடம் எடுத்துரைத்தார். அவ்வாண்டு பிப்ரவரியில், மாதம் ஐம்பது ரூபாய் ஊதியத்தில் இளையவர் பணியேற்றார்.

மடத்துப் பாடம் வேறு, கல்லூரிப் பாடம் வேறு. அங்கே ஒரு செய்யுளில் ஒரு பகற்பொழுது முழுதும் திளைக்கலாம். இங்கே மணியடித்தால் வகுப்பு முடிந்தது. அங்கே வருவோர் தமிழையே நாடி வந்தோர். இங்கே ஆங்கிலத்தையே பெரிதென எண்ணிய இளைஞர். இவ்விரு கரைகளையும் அறிந்த மூத்தவர் கைப்பிடித்து அழைத்து வந்தமையே புதியவர்க்குப் பெருந்துணை ஆயிற்று.

அரபிக் கல்வியில் இஜாஸத் என்றொரு மரபு உண்டு. "நாம் கற்பித்ததை இனி இவரும் கற்பிக்கலாம்" என உஸ்தாது வழங்கும் இசைவு அது. வெறுஞ் சான்றிதழன்று, தம் பெயரையே பிணையாக வைப்பதாகும். செட்டியார் செய்ததும் அஃதே. இளையவர் தவறியிருப்பின் பழி மூத்தவரையும் சேர்ந்திருக்கும்.

விளைந்தது யாது? கும்பகோணம் வந்தமையாலன்றோ ஐயர் அங்கு முன்சீப்பாயிருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவ்வாண்டே சந்தித்தார்! அச்சந்திப்பின் பயனாய் 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. மறு ஆண்டு செட்டியார் மறைந்தார். பின்னர்ப் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும், 1903இல் ஐயர் சென்னை செல்லுமுன்னரே வெளிவந்துவிட்டன.

சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்கு ஐயர் இட்ட பெயர் 'தியாகராச விலாசம்'. பட்டங்கள் பல பெற்ற பின்னும் தம் வாயிற்படியில் அவர் எழுதி வைத்தது, தமக்கு இருக்கை தந்தவரின் பெயரையே.

நம் பிள்ளைகள் பலர் இன்று ஆசிரியப் பணிக்குச் செல்கின்றனர். செல்லும் ஊர் கவுஞ்சியேயாயினும் கும்பகோணமேயாயினும், மூத்தவரைத் தேடிச் சென்று அவரருகே சிறிது அமர்க என அவர்களுக்குச் சொல்வோம். மூத்தோராகிய நாமும், அவர்கள் அமர்வதற்குச் சற்றே ஒதுங்கி இடந்தருவோமாக.