ஆஸ்திரியாவில் பள்ளி உளவியல் ஆசிரியர் கல்வி

ஆஸ்திரியாவில் பள்ளி உளவியல் ஆசிரியர் கல்வி என்பது அந்நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் உளவியல் கற்பிப்போருக்கான பல்கலைக்கழகப் படிப்பு. 1849 ஆம் ஆண்டின் பள்ளிச் சீர்திருத்தத்தில் உளவியல் பள்ளிப் பாடமானது. அப்போது உளவியல் தனி அறிவியலாக இல்லை, தத்துவத்தின் ஒரு கிளையாகவே இருந்தது. பின்னர் பல்கலைக்கழகங்களில் உளவியல் தனித்துறையாகப் பிரிந்தது. பள்ளியில் அது தத்துவத்துடன் இணைந்தே நீடிக்கிறது. இதனால் உளவியல் பட்டம் பெற்றவர் நேரடியாகப் பள்ளி உளவியல் ஆசிரியர் ஆவதில்லை. பள்ளியில் உளவியல் கற்பிப்பவர் சட்டப்படி உளவியலாளரும் அல்லர்.

பின்னணி

1848 வரை ஆஸ்திரியப் பேரரசின் ஜிம்னாசியம் எனப்பட்ட மேல்நிலைப் பள்ளி ஆறு வகுப்புகள் கொண்டது. லத்தீன் மொழியே அதன் முதன்மைப் பாடம். அதை முடித்தவர்கள் சட்டம், மருத்துவம், இறையியல் படிக்க விரும்பினால் இரண்டாண்டு தத்துவ வகுப்பில் பயில வேண்டும். இது பல்கலைக்கழகத்தின் தத்துவப் பிரிவிலோ அதற்கு இணையான கல்லூரிகளிலோ நடந்தது. உளவியல், தர்க்கம், கணிதம், இயற்பியல், சமயம் ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. அரசு அங்கீகரித்த பாடநூலை ஒட்டியே ஆசிரியர் உரையாற்ற வேண்டியிருந்தது. தத்துவப் பிரிவு பிற உயர்கல்விப் பிரிவுகளுக்கு மாணவர்களை ஆயத்தம் செய்யும் இடமாக மட்டுமே இருந்தது. பள்ளி ஆசிரியர்களை உருவாக்கும் பொறுப்பு அதற்கு இல்லை.

1849 சீர்திருத்தம்

1848 புரட்சிக்குப் பின் ஆஸ்திரியாவில் கல்வி அமைச்சகம் உருவானது. பிராக் நகரின் தத்துவப் பேராசிரியர் பிரான்ஸ் எக்ஸ்னரும் செவ்வியல் மொழி அறிஞர் ஹெர்மன் போனிட்ஸும் பள்ளிகளுக்கான புதிய அமைப்புத் திட்டத்தை வகுத்தனர். கல்வி அமைச்சர் லியோ துன் காலத்தில் அது நடைமுறைக்கு வந்தது.

இத்திட்டம் பழைய இரண்டாண்டு தத்துவ வகுப்பைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கி ஜிம்னாசியத்துடன் இணைத்தது. ஜிம்னாசியம் எட்டு வகுப்புகள் கொண்டதாக மாறியது. நீக்கப்பட்ட தத்துவப் பாடங்களின் எச்சமாக 'தத்துவ முன்பயிற்சி' என்னும் பாடம் இறுதி வகுப்புகளில் இடம்பெற்றது. வாரத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்கப்பட்டது. ஏழாம் வகுப்பில் தர்க்கம், எட்டாம் வகுப்பில் உளவியல் என்ற வரிசை 19 ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் நிலைபெற்றது.

பல்கலைக்கழகத்தின் தத்துவப் பிரிவு இதன்பின் பிற பிரிவுகளுக்கு இணையான தகுதி பெற்றது. ஜிம்னாசிய ஆசிரியர்களை உருவாக்குவது அதன் முதன்மைப் பணிகளில் ஒன்றாயிற்று. உளவியல் ஆசிரியருக்கான பல்கலைக்கழகப் பாதை இங்கிருந்து தொடங்குகிறது.

ஆசிரியர் தேர்வு

ஆசிரியர் தேர்வுக்கான விதிகள் 1849 இல் தற்காலிகமாகவும் 1856 இல் நிலையாகவும் வகுக்கப்பட்டன. பல்கலைக்கழகப் படிப்பை முடித்தவர் அரசு நியமித்த தேர்வு ஆணையத்தின் முன் செல்ல வேண்டும். வீட்டிலிருந்து எழுதும் ஆய்வுக் கட்டுரை, கண்காணிப்பில் எழுதும் தேர்வு, வாய்மொழித் தேர்வு ஆகியவை நடந்தன. தேறியவர் ஒரு பள்ளியில் ஓராண்டு பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றினார்.

தத்துவ முன்பயிற்சிக்கு இருந்த பாட நேரம் மிகக் குறைவு. அதை மட்டும் கற்பித்து ஒருவர் முழுநேர ஆசிரியராக இருக்க இயலாது. ஆகவே அதைக் கற்பித்தவர்கள் செவ்வியல் மொழிகள், வரலாறு, கணிதம், இயற்பியல் போன்ற வேறொரு பாடத்துக்கும் ஆசிரியர்களாக இருந்தனர். இரண்டு பாடங்களில் தகுதி பெறும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

பாடநூல்கள்

முதல் தலைமுறைப் பாடநூல்கள் ஜெர்மானியத் தத்துவவாதி யோஹன் ஃப்ரீட்ரிக் ஹெர்பார்ட்டின் உளவியலை ஒட்டி எழுதப்பட்டன. தமிழகத்தில் பி.எட். மாணவர்கள் பாடத்திட்டம் தயாரிக்கும்போது பயிலும் 'ஹெர்பார்ட் படிகள்' இவர் பெயரால் அமைந்தவை. மனதில் உள்ள எண்ணங்கள் ஒன்றையொன்று அழுத்துகின்றன, வலுவிழந்தவை நனவின் வாசலுக்குக் கீழே செல்கின்றன, வாய்ப்பு வரும்போது மீண்டும் மேலே எழுகின்றன என்பது ஹெர்பார்ட்டின் கருத்து.

எக்ஸ்னரின் மாணவரான ராபர்ட் சிம்மர்மன் 1850களின் தொடக்கத்தில் தத்துவ முன்பயிற்சிக்கான பாடநூலை எழுதினார். அவர் பெர்னார்ட் போல்சானோவிடமும் பயின்றவர். போல்சானோ 1819 இல் அரசால் பிராக் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர். சிம்மர்மன் தன் நூலின் முதல் பதிப்பில் போல்சானோவின் தர்க்கக் கருத்துகளை அவர் பெயரைச் சொல்லாமலேயே சேர்த்தார். 1860 இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவற்றின் இடத்தை ஹெர்பார்ட் பாணி எடுத்துக்கொண்டது.

ஜிம்னாசிய ஆசிரியரான குஸ்டாவ் அடால்ஃப் லிண்ட்னர் 1858 இல் எழுதிய அனுபவ உளவியல் பாடநூல் பரவலாகப் பயன்பட்டது. சிக்மண்ட் ஃப்ராய்டு 1873 இல் வியன்னாவில் பள்ளி இறுதித் தேர்வு எழுதினார். அவருடைய கடைசிப் பள்ளியாண்டில் லிண்ட்னரின் நூல் பாடமாக இருந்ததை அவரது வாழ்க்கை வரலாற்றாசிரியர் எர்னெஸ்ட் ஜோன்ஸ் குறிப்பிடுகிறார். நனவுக்குக் கீழே அழுத்தப்படும் எண்ணம் என்ற கருத்தை ஃப்ராய்டு பள்ளி வகுப்பிலேயே சந்தித்திருக்க வாய்ப்புண்டு.

ஆய்வகம் நோக்கி

1874 இல் ஃப்ரான்ஸ் பிரெண்டானோ வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1879 இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வகத்தை நிறுவினார். உளவியல் சோதனை அறிவியலாக மாறிக்கொண்டிருந்தபோது பள்ளி ஆசிரியர்கள் பழைய பாடநூலுடனேயே இருந்தனர்.

பிரெண்டானோவின் மாணவரும் கிராஸ் பல்கலைக்கழகப் பேராசிரியருமான அலெக்சியஸ் மைனாங் 1885 இல் தத்துவம் என்னும் அறிவியல் பற்றியும் அதன் முன்பயிற்சி பற்றியும் ஒரு நூல் வெளியிட்டார். பள்ளிப் பாடத்தின் தரத்தையும் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பிக்கப்படும் முறையையும் அந்நூல் சேர்த்து விவாதித்தது. 1894 இல் மைனாங் கிராஸில் ஆய்வகம் அமைத்தார். ஆஸ்திரியாவின் முதல் உளவியல் ஆய்வகம் அதுவே.

மைனாங்கின் நண்பர் அலோயிஸ் ஹெஃப்ளர் வியன்னாவின் தெரேசியானும் பள்ளியில் கணிதம், இயற்பியல், தத்துவ முன்பயிற்சி ஆகியவற்றைக் கற்பித்தார். 1890 இல் மைனாங்கின் ஒத்துழைப்புடன் தர்க்க நூலையும் 1897 இல் உளவியல் நூலையும் வெளியிட்டார். 1900 இல் ஹெஃப்ளரும் ஸ்டெஃபான் விட்டாசெக்கும் இணைந்து பள்ளி வகுப்பறையில் செய்யத்தக்க உளவியல் சோதனைகளை, தேவையான கருவிகளின் விவரத்துடன் தொகுத்தனர். இயற்பியல் வகுப்பில் நடப்பதுபோல் உளவியல் வகுப்பிலும் மாணவர் நேரில் கண்டு அறியவேண்டும் என்னும் எண்ணம் இதன் அடிப்படை. ஹெஃப்ளர் பின்னர் பிராக், வியன்னா பல்கலைக்கழகங்களில் கல்வியியல் பேராசிரியரானார்.

1897 இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பிரிவு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஜிம்னாசிய ஆசிரியருக்கான படிப்பு பெண்களுக்குத் திறந்தது அப்போதுதான்.

வியன்னா உளவியல் நிறுவனம்

1922 இல் கார்ல் பியூலர் வியன்னாப் பல்கலைக்கழகப் பேராசிரியராகி உளவியல் நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். அவர் மனைவி சார்லட் பியூலர் குழந்தை, இளம்பருவ உளவியல் ஆய்வுகளை முன்னெடுத்தார். அன்று வியன்னா நகராட்சி ஓட்டோ க்ளோக்கெலின் தலைமையில் பள்ளிச் சீர்திருத்தத்தை நடத்திக்கொண்டிருந்தது. நகராட்சியின் ஆதரவு நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஆசிரியர் பயிற்சிக்கான நகராட்சிக் கல்வியியல் நிறுவனத்தில் பியூலர் தம்பதியர் கற்பித்தனர். அங்கே பயின்றவர்களில் ஒருவர் கார்ல் பாப்பர். அவர் 1928 இல் பியூலரிடம் சிந்தனை உளவியலின் முறையியல் பற்றிய ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பள்ளி ஆசிரியரானார்.

உளவியல் ஆய்வாளரும் பள்ளி ஆசிரியரும் நெருங்கியிருந்த அக்காலம் 1938 இல் முடிந்தது. ஆஸ்திரியா ஹிட்லரின் ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டபின் கார்ல் பியூலர் கைது செய்யப்பட்டார். விடுதலைக்குப் பின் அவர் நாட்டைவிட்டு வெளியேறினார்.

இரு பாதைகள்

1970களில் பல்கலைக்கழகப் படிப்புகள் மறுசீரமைக்கப்பட்டபோது உளவியல் தனிப் பட்டப்படிப்பாக வளர்ந்தது. ஆசிரியர் படிப்பும் முறையான பட்டப்படிப்பாக மாறியது. பள்ளி உளவியல் ஆசிரியருக்கான படிப்பு தத்துவம், கல்வியியல், உளவியல் மூன்றும் சேர்ந்ததாக இருந்தது.

1990 இல் இயற்றப்பட்ட உளவியலாளர் சட்டம் 'உளவியலாளர்' என்னும் பெயரை உளவியலைத் தனிப் பட்டமாகப் படித்தவர்களுக்கே உரியதாக்கியது. ஆசிரியர் படிப்பின் வழியாக உளவியல் கற்றவர் அப்பெயரைப் பயன்படுத்த இயலாது. மறுபுறம், உளவியல் பட்டதாரியின் படிப்பில் பள்ளிப் பாடத்தின் மறுபாதியான தத்துவமும் இல்லை, கற்பித்தல் பயிற்சியும் இல்லை.

இன்றைய படிப்பு

இன்று பள்ளிப் பாடத்தின் பெயர் 'உளவியலும் தத்துவமும்'. ஜிம்னாசியத்தின் ஏழாம் வகுப்பில் உளவியலும் எட்டாம் வகுப்பில் தத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. மாணவர்களின் வயது ஏறத்தாழ 17, 18. பள்ளி இறுதித் தேர்வில் இதை வாய்மொழிப் பாடமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆசிரியராக விரும்புபவர் சேர்க்கைத் தேர்வு எழுதி, இப்பாடத்துடன் ஆங்கிலம், வரலாறு, உயிரியல் போன்ற இன்னொரு பாடத்தையும் எடுத்துப் படிக்கிறார். உளவியலில் வளர்ச்சி, சமூகம், ஆளுமை ஆகிய பகுதிகளும் தத்துவத்தில் அறவியல், அறிவுக் கொள்கை, தர்க்கம் ஆகியவையும் இடம்பெறுகின்றன. கற்பித்தல் முறையும் பள்ளிப் பயிற்சியும் உடன் உண்டு. 2013 ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் பல்கலைக்கழகங்களும் ஆசிரியர் கல்லூரிகளும் நான்கு வட்டாரக் கூட்டமைப்புகளாக இணைந்து இப்படிப்பை நடத்துகின்றன. அச்சட்டத்தின்படி இளநிலைப் பட்டம் 4 ஆண்டுகள். முதுநிலைப் பட்டம் அதைத் தொடரும். படிப்பு நீளமானது என்ற குறை எழுந்தது. 2024 இல் நிறைவேறிய திருத்தம் இளநிலையை 3 ஆண்டுகளாகவும் முதுநிலையை 2 ஆண்டுகளாகவும் மாற்றியது. பணியில் சேர்ந்தவர் தொடக்கத்தில் மூத்த ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் கற்பிக்கிறார். 19 ஆம் நூற்றாண்டின் பயிற்சி ஆண்டுடைய இன்றைய வடிவம் இது.

மதிப்பீடு

1849 இல் எக்ஸ்னரும் போனிட்ஸும் உருவாக்கிய பாடம் 170 ஆண்டுகளுக்கு மேலாக நீடிக்கிறது. அதன் நன்மை, மனம் பற்றிய கேள்விகளை மாணவர் அறிவு, அறம், விடுதலை பற்றிய கேள்விகளுடன் சேர்த்தே எதிர்கொள்வது. அதன் குறை, ஆசிரியரின் உளவியல் பயிற்சி இரண்டு பள்ளிப் பாடங்களுக்கும் கல்வியியலுக்கும் இடையே பங்கிடப்படுவது. மைனாங் 1885 இல் எழுப்பிய கேள்வி இதுவே: பல்கலைக்கழகம் ஓர் அறிவியலை ஆசிரியருக்கு எவ்வளவு ஆழமாகத் தருகிறதோ, அந்த அளவுக்கே பள்ளி மாணவருக்கு அது சென்று சேரும். பெரும்பாலான ஜிம்னாசிய மாணவர்கள் தம் வாழ்வில் முறையாக உளவியல் படிப்பது ஏழாம் வகுப்பின் அந்த ஓராண்டில் மட்டுமே.