ஆர்கேட் ஸ்டிக்

சண்டை வீடியோ விளையாட்டுகளை வீட்டிலிருந்து ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஆர்கேட் ஸ்டிக் என்று பெயர். பிரெஞ்சுக்காரர் இதை மாற்றிப்போட்டு 'ஸ்டிக் ஆர்கேட்' என்பார்கள். லா சப்பலில் வளரும் நம் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள். இடது கைக்கு ஒரு குச்சி, வலது கைக்குப் பெரும்பாலும் எட்டுப் பொத்தான்கள். காசு போட்டு ஆடும் இயந்திரங்களின் முகப்பை அப்படியே மடியில் வைத்தது போலிருக்கும்.

இந்த அமைப்பை உலகெங்கும் பழக்கியது, 1991இல் யப்பானிய நிறுவனமான கேப்காம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என்று ஆறு பொத்தான்கள். அதில் வரும் தால்சிம் இந்திய யோகி. கைகால் நீளும், வாயால் நெருப்புத் துப்புவார். கழுத்தில் மண்டையோட்டு மாலை வேறு! நம்மவரை இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள் என்ற எரிச்சல் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அந்த நெருப்பை வரவழைக்கக் குச்சியைக் கீழிருந்து முன்பக்கம் கால்வட்டமாகச் சுழற்றிக் குத்த வேண்டும். கருவியின் அருமை அந்தச் சுழற்றலில்தான் தெரியும்.

குச்சியின் அடியில் நான்கு மைக்ரோ சுவிட்சுகள். இரண்டு ஒன்றாக அழுந்தினால் மூலைத்திசை. குச்சி எவ்வளவு சரியலாம் என்பதைக் கீழுள்ள பிளாஸ்டிக் தட்டு மட்டுப்படுத்தும், 'கேட்' என்பார்கள். யப்பானின் சான்வா நிறுவனத்துக் குச்சிகளில் வழக்கமாகச் சதுரத் தட்டு. அதைக் கழற்றி எண்கோணத் தட்டுப் பூட்டினால் எட்டுத் திசையும் கைக்குத் தட்டுப்படும். கொரியர்கள் வட்டத் தட்டும், சுருள்வில்லுக்குப் பதில் ரப்பரும் விரும்புவார்கள்.

நான் பல வருடம் உணவகச் சமையலறையில் நின்றவன். பெருவிரல் மூட்டு விறைத்துவிட்டது. பெருவிரலால் ஆடும் சாதாரணக் கருவியில் மகனுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. "அப்பா, நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கோ" என்பான். பழைய ஆர்கேட் ஸ்டிக் ஒன்று வாங்கி, வில்லை மென்மையானதாக மாற்றினோம். முழுக்கையாலும் ஆடுவதால் இப்போது அவனுக்கு எதிரே உட்கார முடிகிறது. வில் தளர்வாக இருக்கிறது என்று அவன் முறைப்பாடு.

பிரான்சின் நாகோன் நிறுவனம், வீராங்கனை கயானுடன் சேர்ந்து 'தைஜா' என்றொரு ஸ்டிக்கை உருவாக்கியது. அதிலும் சான்வா உறுப்புகள்தான். குச்சியே இல்லாமல் திசைகளுக்கும் பொத்தான் வைத்த 'ஹிட்பாக்ஸ்' வகையும் உண்டு. எனக்கு அது தட்டச்சுப் பொறி போலிருக்கிறது.

பழையதை வாங்குபவர்கள் இரண்டைப் பார்க்கவேண்டும். பொத்தான் துளைகள் 30 மில்லிமீற்றரா? அப்படியென்றால் உதிரிப் பொத்தான்கள் சுலபமாகக் கிடைக்கும். அடித்தட்டுத் திருகாணியில் நிற்கிறதா, பசையில் ஒட்டியிருக்கிறதா? புதிய விளையாட்டுக் கருவி பழைய ஸ்டிக்கை ஏற்காதபோது உள்ளேயிருக்கும் மின்பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பெட்டி திறக்கவேண்டும்.