சேவாகிராமத்தில் மலர்ந்த ஆதாரக் கல்வி

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, திட்டமிட்டு, செய்து முடிக்கும் போக்கிலேயே பாடத்தையும் கற்பது இன்று செயல்திட்டம் என்ற பெயரில் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. நம் நாட்டில் அதை ஒரு பள்ளியின் முழு வாழ்வாகவே நடத்திக்காட்டிய பெருமை வர்தா அருகேயுள்ள சேவாகிராமத்துக்கு உரியது. அந்த வரலாற்றில் தமிழர் பங்கு பெரிது. அதை இம்மலரில் பதிவு செய்வது நம் கடமை.

1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் வர்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு கூடியது. அங்கு அமைக்கப்பட்ட டாக்டர் ஜாகிர் உசேன் குழு டிசம்பரிலேயே அறிக்கை தந்தது. தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா அக்குழுவின் உறுப்பினர். யாழ்ப்பாணத் தமிழரான ஈ. டபிள்யூ. ஆரியநாயகம் அதன் அமைப்பாளர். ஏழாண்டுக் கட்டாயக் கல்வி, தாய்மொழிவழிப் பாடம், கைத்தொழிலை நடுவாக வைத்த போதனை ஆகியவற்றை அறிக்கை வற்புறுத்தியது. ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் மூன்று மணி இருபது நிமிடம் கைத்தொழிலுக்கு!

1938இல் ஹரிபுராவில் கூடிய காங்கிரஸ் மாநாடு, ஆதாரக் கல்வி எனப்பட்ட இத்திட்டத்தை ஏற்றது. அதை நடத்த அவ்வாண்டே இந்துஸ்தானி தாலிமி சங்கம் பிறந்தது. ஜாகிர் உசேன் தலைவர், ஆரியநாயகம் செயலாளர். சாந்திநிகேதனில் தாகூரின் செயலாளராக இருந்தவர் ஆரியநாயகம். வங்காளியான ஆஷாதேவியை மணந்ததும் அங்கேதான். அந்த அறிவுச்சூழலை விட்டு, மலேரியாவும் பாம்பும் மலிந்த குக்கிராமமான சேவாகிராமத்துக்குத் தம்பதியர் வந்து சேர்ந்தார்கள். தங்கள் சின்னஞ்சிறு மகனையும் அங்கேயே பறிகொடுத்தார்கள். ஆனாலும் ஊரை விட்டுப் போகவில்லை. ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் ஆஷாதேவி தாயானார்.

வகுப்பு எப்படி நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பருத்தியைச் சுத்தம் செய்து, பஞ்சு கொட்டி, தக்ளியில் குழந்தை நூற்கும். நூற்றதை நான்கடிச் சுற்றளவுள்ள சட்டத்தில் சுற்றி எண்ணும். 640 சுற்று சேர்ந்தால் ஒரு சிட்டம். அதை நிறுத்துப் பார்த்து நூலின் நெம்பரை, அதாவது நுண்மை அளவைக் கணக்கிடும். கழிவுப் பஞ்சு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எழுதும். பெருக்கலும் வகுத்தலும் இப்படித்தான் கையில் படிந்தன. பருத்தி விளையும் கரிசல் மண்ணிலிருந்து நிலவியல் தொடங்கும். லங்காஷயர் ஆலைகளுக்குக் கப்பலேறிய பஞ்சிலிருந்து சரித்திரம் தொடங்கும். மூத்த மாணவர்களிடம் சமையற்கூடத்தையே ஒப்படைத்தார்கள். எத்தனை பேருக்கு எவ்வளவு தானியம், அதில் என்ன சத்து, செலவு என்ன என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம்.

நாற்பதுகள் சோதனைக் காலம். 1941இல் ஒரிசா அரசு ஆதாரப் பள்ளிகளைக் கைவிட்டது. 1942 ஆகஸ்டு இயக்கத்தில் ஊழியர் பலர் சிறை புகுந்தனர். அதையும் தாங்கிய சங்கம், 1945 ஜனவரியில் சேவாகிராமத்தில் மாநாடு கூட்டி, பிறப்பு முதல் இறுதி வரை வாழ்க்கை முழுவதையும் கல்வியின் எல்லைக்குள் கொண்டுவந்தது. சாந்திநிகேதனிலிருந்து வந்த ஓவியர் தேவி பிரசாத் கலையைப் பள்ளியின் அன்றாட வேலையாக்கினார். சென்னை பெண்டிங்க் பள்ளியில் முன்பு பணியாற்றிய மார்ஜரி சைக்ஸ் அம்மையார், விடுதலைக்குப் பின் இங்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். தமிழகத்தில் கல்வி அமைச்சராயிருந்த அவினாசிலிங்கம் அரசின் வழியே ஆதாரக் கல்வியைப் பரப்பினார். 1947இல் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமம் என்னும் கல்வி நிலையத்தை நிறுவினர்.

1959இல் தாலிமி சங்கம், சர்வ சேவா சங்கம் என்ற காந்திய அமைப்போடு இணைந்தது. 1967இல் ஆரியநாயகமும், பின்னர் ஆஷாதேவியும் மறைந்தனர். கோத்தாரி கல்விக் குழு 1966இல் தந்த அறிக்கையில் வற்புறுத்திய 'வேலை அனுபவம்' சேவாகிராமம் விதைத்த விதையே என்பது நம் துணிபு.

இடையில் நின்றுபோயிருந்த சேவாகிராமத்தின் ஆனந்த நிகேதன் பள்ளி 2005இல் மீண்டும் திறக்கப்பட்டது. தோட்டமும் நூற்பும் சமையலும் அங்கே மறுபடி பாடங்களாயின. வர்தா செல்லும் அன்பர்கள் காந்தியடிகள் வாழ்ந்த பாபு குடிலை வணங்கியதோடு திரும்பிவிடாமல், அருகிலுள்ள இப்பள்ளியையும் அவசியம் பார்த்து வர வேண்டுகிறோம்.